பிரவுசரில் புது வசதி வேண்டுமா? முதலில் அதன் பெயரை மறந்துவிடுங்கள்

வெப் பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதுகிற எச்டிஎம்எல்லில் ஒரு புது டேக் (குறிச்சொல்) வேண்டும், அதன் தோற்றத்தை அமைக்கிற சிஎஸ்எஸ்ஸில் இப்படி ஒன்று இருந்தால் தேவலை என்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை, கட்டணம் கிடையாது, விசா எடுத்துப் போய் யாரையும் பார்க்க வேண்டியதும் இல்லை. மன்னார்குடியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டே நாங்கள் கேட்டோம். கேட்டது கேட்டபடி கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படித்துவிட்டுத் திட்டக் கூடாது பாருங்கள். ஆனால் அந்த வழியில் தெரிந்துகொண்ட விஷயங்கள் நம் ஊரில் வெப் வேலை பார்க்கிற பலருக்கும் உதவும் என்று தோன்றுகிறது.

நாங்கள் செய்வது சின்னச் சின்ன வேலைகள். அரிசி ஆலைக்கு ஒரு கணக்கு மென்பொருள், உரக்கடைக்கு ஒரு இருப்புப் பட்டியல், அந்த மாதிரி. அப்படி ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு விதைநெல் பதிவுப் படிவம் செய்து கொடுத்தோம். விவசாயி பெயர், ஊர், ஆடுதுறை 43-ஆ சிஆர் 1009-ஆ, எத்தனை கிலோ, இவ்வளவுதான். பதிந்ததும் மூட்டையில் ஒட்டுகிற சீட்டு அச்சாகி வரும். சீட்டு குறுகலானது, அதனால் ஊர்ப் பெயருக்கு 12 எழுத்து என்று வரம்பு வைக்கச் சொன்னார்கள், நாங்களும் மேக்ஸ்லெங்த் 12 என்று போட்டோம், பெட்டியில் இவ்வளவுக்கு மேல் தட்ட விடாதே என்று பிரவுசரிடம் சொல்கிற குறிப்பு அது. எந்தப் பாடப் புத்தகமும் அதைத்தான் போடச் சொல்லும்.

குறுவைக்கு விதை வாங்க வந்த ஒரு அம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, எங்க ஊருக்குக் கடைசிப் புள்ளிய எங்க?" என்று கேட்டார். கூத்தாநல்லூர் என்பதில் கடைசி ர்-இன் புள்ளி விழுந்து, கூத்தாநல்லூர என்று நின்றது. முத்துப்பேட்டைக்காரர்களுக்கு இன்னும் மோசம், முத்துப்பேட் என்று பாதியில் தொங்கியது. இரண்டுமே ஏழே எழுத்துப் பெயர்கள். பெட்டிக்குக் கீழே "12 எழுத்துக்குள்" என்று எழுதியிருக்கிறது. விரல் விட்டு எண்ணத் தெரிந்த யாருக்கும் கோபம் வரும்.

காரணம் இதுதான். எச்டிஎம்எல் தரநிலைப்படி மேக்ஸ்லெங்த் எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கப் பயன்படுத்துகிற துண்டுகளை. நம் எழுத்தில் 'ர்' என்பது ர ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. 'கூ' இரண்டு, 'தா' இரண்டு, வெறும் 'ந' மட்டும் ஒன்று. கூத்தாநல்லூர் மொத்தம் 13 அலகு. பன்னிரண்டோடு கதவு சாத்திக்கொண்டதால் பதிமூன்றாவதாக வந்த புள்ளி வெளியே நின்றுவிட்டது. திருத்துறைப்பூண்டி ஒன்பது எழுத்து, 18 அலகு.

என்னோடு வேலை செய்கிற தம்பி உடனே, "அண்ணே, மேக்ஸ்லெட்டர்ஸ்னு ஒரு அட்ரிபியூட் வேணும்ணே, பிரவுசர்க்காரன்கிட்டயே கேட்டுருவோம்" என்றான். அட்ரிபியூட் என்பது மேக்ஸ்லெங்த் மாதிரி டேக்கோடு சேர்த்து எழுதுகிற குறிப்பு. நியாயமான ஆசை. பெயர் வைத்து, எப்படி எழுத வேண்டும், என்ன மதிப்பு தர வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியும் கொண்டுவந்துவிட்டான்.

புது வசதி கேட்கிற பெரும்பாலோர் தடுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. எச்டிஎம்எல் தரநிலையைப் பராமரிக்கிற வாட்-டபிள்யூஜி என்ற குழு தன் வழிகாட்டுதலிலேயே இதைச் சொல்லிவைத்திருக்கிறது: தீர்வை எடுத்துக்கொண்டு வராதே, பிரச்சினையை எடுத்துக்கொண்டு வா. அட்ரிபியூட்டின் பெயரோடு போனால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே ஓடும், அது ஏன் வேண்டும் என்பது கடைசி வரை வெளியே வராது. அதனால் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, தம்பியிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். மேக்ஸ்லெட்டர்ஸ் என்ற சொல்லே வராமல் பிரச்சினையை எழுது, யாருக்கு, எந்தத் திரையில், என்ன செய்யும்போது, என்ன ஆகிறது, இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று.

எழுதப் போனால்தான் விஷயம் பிரிந்து பிரிந்து வந்தது. அதே படிவத்தில் இன்னொரு பெட்டி இருந்தது, உறுப்பினர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப. தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 அலகு, அதைத் தாண்டினால் துண்டாகி ஒவ்வொரு துண்டுக்கும் 67-தான், காசும் அதற்கேற்ப ஏறும். அங்கே நமக்கு வேண்டியதே அலகுக் கணக்குதான், கண்ணால் எண்ணுகிற எழுத்துக் கணக்கு அங்கே ஏமாற்றிவிடும். மூன்றாவதாக டேட்டாபேஸ். சில பழைய அமைப்புகள் பைட் கணக்கில் வரம்பு வைக்கும், யூடிஎஃப்-8 என்ற இன்னொரு சேமிப்பு முறையில் தமிழ் அலகு ஒவ்வொன்றும் 3 பைட், கூத்தாநல்லூர் 39 பைட். ஆக ஒரே படிவத்தில் மூன்று விதமான நீளம். தம்பி கேட்ட அட்ரிபியூட் சீட்டுக்கு மட்டும்தான் மருந்து. அதிலும் யோசித்தால் சீட்டில் இடிப்பது எழுத்தின் எண்ணிக்கைகூட இல்லை, அகலம். 'ணை'-யும் 'ர'-வும் ஒரே அகலமா என்ன? இவ்வளவையும் எழுதிப் பார்த்த பிறகு மிச்சம் இருந்தது ஒரு சுத்தமான வாக்கியம்: பயனருக்குக் காட்டுகிற எழுத்துக் கணக்கும் பிரவுசர் போடுகிற கணக்கும் ஒத்துப்போகவில்லை, வரம்பு ஒரு எழுத்தின் நடுவிலேயே விழுகிறது. தமிழுக்கு மட்டும் இல்லை, மலையாளத்துக்கும் இந்திக்கும் தாய்லாந்து மொழிக்கும் இதே கதைதான், இமோஜி போடுகிறவர்களுக்கும்கூட. எங்களுக்கு மட்டும் வலிக்கிறது என்று போனால் அனுதாபம் கிடைக்கும், வேலை நடக்காது. இத்தனை பேருக்கு வலிக்கிறது என்று காட்டினால்தான் உட்கார்ந்து கேட்பார்கள்.

அப்புறம் எங்கே போய்க் கேட்பது என்ற குழப்பம். வெப் தரநிலை என்றாலே டபிள்யூ3சி என்ற அமைப்புதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இல் தொடங்கியது அது, இன்றும் சிஎஸ்எஸ் அங்கேதான் எழுதப்படுகிறது. ஆனால் எச்டிஎம்எல்லையும், நிரல் வழியாகப் பக்கத்தைக் கையாள உதவுகிற டாமையும் எழுதுவது வாட்-டபிள்யூஜி. ஆப்பிள், மொசில்லா, ஓபேரா ஆட்கள் 2004-இல் தனியாகத் தொடங்கிய குழு அது. நீண்ட நாள் இரண்டு பக்கமும் இரண்டு எச்டிஎம்எல் என்று ஓடி, 2019-இல்தான் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு இதற்கு முடிவு கட்டினார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு டிசி39 என்ற வேறு குழு. இன்ன இடம் என்று தெரியாத பச்சை யோசனைகளுக்கு டபிள்யூ3சியின் கீழேயே டபிள்யூஐசிஜி என்று ஒரு சமூகக் குழு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் சேரலாம். இடம் மாறிப் போனால் யாரும் அடித்து விரட்டமாட்டார்கள், அந்தப் பக்கம் போ என்பார்கள், அதற்குள் சில வாரம் போயிருக்கும், அவ்வளவுதான்.

போவதற்கு முன் தேடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். உங்களுக்குத் தோன்றியது பெரும்பாலும் யாருக்கோ முன்பே தோன்றியிருக்கும், மூடப்பட்ட விவாதங்களையும் சேர்த்துத் தேட வேண்டும். மேக்ஸ்லெங்த் விஷயத்தில் நாங்கள் தேடியபோது, எதை எண்ணுவது என்று பிரவுசர்களுக்குள்ளேயே முன்பு ஒற்றுமை இருக்கவில்லை என்பதும், அதைப் பற்றி நிறையப் பேசித்தான் யூடிஎஃப்-16 அலகு என்று ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதும் தெரிந்தது. அந்த முடிவுக்குக் காரணமும் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சரத்தின் (எழுத்துத் தொடரின்) லெங்த் கேட்டால் அதே அலகில்தான் விடை வரும், இரண்டும் ஒத்துப்போகும். கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை எண்ணுவது யூனிகோட் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது, அதை நம்பி சர்வரில் இடம் ஒதுக்க முடியாது. எதிர்த்தரப்பின் வாதம் முட்டாள்தனமாக இருக்கும் என்ற நினைப்பில் போனால் முதல் பதிலிலேயே வாய் அடைத்துவிடும். அவர்கள் சொல்லப்போவதை நீங்களே எழுதி அதற்கு உங்கள் பதிலையும் எழுதிக்கொண்டு போவது நல்லது.

இனி, நான் தெரிந்துகொண்டதிலேயே முக்கியமானது. தரநிலையை எழுதுகிறவர் மனம் வைத்தால் போதாது. பிரவுசர் செய்கிறவர்கள் செய்தால்தான் அது தரநிலை. வாட்-டபிள்யூஜியில் ஒரு வசதி உள்ளே வர வேண்டுமானால் குறைந்தது இரண்டு பிரவுசர் எஞ்சின்காரர்களாவது (எஞ்சின் என்பது பக்கத்தைத் திரையில் வரைகிற உள் மென்பொருள்) செய்ய விருப்பம் காட்ட வேண்டும், பலத்த எதிர்ப்பு இருக்கக் கூடாது, வெப்-பிளாட்ஃபார்ம்-டெஸ்ட்ஸ் என்ற பொதுச் சோதனைத் தொகுப்பில் அதற்கான டெஸ்ட்டுகள் இருக்க வேண்டும். இன்று எஞ்சின் என்று பார்த்தால் குரோமியத்தில் பிளிங்க், சஃபாரியில் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸில் கெக்கோ, மூன்றே மூன்று மதகுதான், நாம் கடைமடை. மதகில் இருப்பவருக்குத் தண்ணீரின் தேவை தெரிந்தால்தான் நம் வயலுக்கு வரும். ஒருவர் மட்டும் மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். ஏற்கனவே இருக்கிற இன்புட், பட்டன் போன்ற டேக்குகளை 'இஸ்' என்ற அட்ரிபியூட்டால் விரிவாக்குகிற வசதி தரநிலையில் எழுதப்பட்டிருக்கிறது, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் செய்துவிட்டன, ஆப்பிள் தரப்பு கொள்கையளவில் வேண்டாம் என்றுவிட்டது. விளைவு, ஐபோன் வைத்திருப்பவரை மனதில் வைத்து வேலை செய்கிற பலரும் அதைத் தொடுவதில்லை.

மொசில்லாவும் வெப்கிட்டும் பல யோசனைகளைப் பற்றித் தங்கள் நிலைப்பாட்டைப் பொதுவில் வெளியிடுகிறார்கள், ஆதரவா, நடுநிலையா, எதிர்ப்பா என்று. உங்கள் யோசனைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய யோசனைகளுக்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று படித்தால் பாதிப் படிப்பு முடிந்தது.

சாதாரண டெவலப்பர் கேட்டு எதுவும் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. பிக்சர் டேக் அப்படி வந்ததுதான். போனுக்குச் சின்னப் படம், பெரிய திரைக்குப் பெரிய படம் அனுப்ப வழியில்லாமல் தவித்த வெப் டெவலப்பர்கள் 2012-இல் டபிள்யூ3சியில் ஒரு சமூகக் குழு தொடங்கினார்கள். பிரவுசர் தரப்போடு நிறைய இழுபறி, பிக்சருக்குப் போட்டியாக, படங்களின் பட்டியலைக் கொடுத்து பிரவுசரையே தேர்ந்தெடுக்க விடுகிற எஸ்ஆர்சிசெட் என்று வேறு யோசனை, மனக்கசப்பு எல்லாம் இருந்தது. கடைசியில் யோவ் வைஸ் என்ற டெவலப்பர் பொதுமக்களிடம் நிதி திரட்டி பிளிங்க் எஞ்சினுக்குள் தானே அதை எழுதினார், 2014-இல் குரோம் 38-இல் வெளிவந்தது. இரண்டு யோசனைகளும் சேர்ந்துதான் இன்று நாம் பயன்படுத்துகிற வடிவம். கன்டெய்னர் குவெரி இன்னொன்று, ஒரு பகுதி இருக்கிற பெட்டியின் அளவைப் பார்த்து அதன் தோற்றத்தை மாற்றுகிற சிஎஸ்எஸ் வசதி. பல வருடம் எல்லோரும் கேட்டார்கள், செய்ய முடியாது, சுற்றிச் சுற்றி வரும் என்றார்கள். கேள்வியைச் சின்னதாக்கி, எந்தப் பெட்டியை அளக்க வேண்டும் என்று எழுதுகிறவரே சொல்லட்டும் என்று மாற்றியதும் வழி திறந்தது. 2022-இல் குரோமிலும் சஃபாரியிலும், 2023-இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஜாவாஸ்கிரிப்டில் அடுக்கடுக்கான அரேயை (பட்டியலை) ஒரே அடுக்காக்க ஃபிளாட்டன் என்ற பெயரில் ஒன்று கொண்டுவரப் பார்த்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரை முன்பே பிடித்துவைத்திருந்தது, புதியது வந்தால் அதை வைத்திருந்த பழைய தளங்கள் உடைந்தன. 2018-இல் பெரிய ரகளைக்குப் பிறகு ஃபிளாட் என்று சுருக்கினார்கள். உங்கள் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இருபது வருடத்துக்கு முன் எழுதிய ஏதோ ஒரு தளம் அதைக் கவிழ்த்துவிடலாம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பிரச்சினையை இரண்டு பக்கத்தில் எழுதினோம். இதற்கு விளக்க ஆவணம் என்று ஒரு வழக்கமான வடிவமே இருக்கிறது: பிரச்சினை, யாருக்கு, இப்போதைய சமாளிப்பு, சாத்தியமான தீர்வுகள், அவற்றில் கைவிட்டவை எவை, ஏன், பாதுகாப்பிலும் அந்தரங்கத்திலும் என்ன ஆபத்து. கைவிட்டவற்றை எழுதுவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், படிப்பவருக்கு நம்பிக்கை வருவதே அந்தப் பகுதியில்தான். ஆங்கிலம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியம், ஸ்கிரீன்ஷாட் ஒன்று, எண்ணிக்கை அட்டவணை ஒன்று போதும். கூத்தாநல்லூர், எழுத்து 7, அலகு 13, பைட் 39 என்ற ஒரு வரி நாங்கள் எழுதிய பத்திகளை எல்லாம்விட அதிக வேலை செய்தது.

அனுப்பியதும் முதலில் வந்த பதில் ஒரு கேள்வி: இப்போதே ஜாவாஸ்கிரிப்டில் இதைச் செய்ய முடியாதா? முடியும். இன்டல் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது, குரோமில் 2020-இலேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல் வந்தது. ஒரு சரத்தைக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். அதை வைத்து, படிவத்தில் பொருத்துகிற மாதிரி ஒரு சின்ன உறுப்பு செய்து, நிஜமான ஆட்களிடம் கொடுத்து, என்ன போதவில்லை என்று வந்து சொல்லுங்கள் என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது, தட்டிக்கழிக்கிறார்கள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் சமாளிக்க முடிவதை எல்லாம் எஞ்சினுக்குள் கொண்டுபோனால் அதை இன்னும் முப்பது வருடம் யாராவது பராமரிக்க வேண்டும், ஒருமுறை உள்ளே வந்ததை வெளியே எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

செய்து பார்த்ததில் இரண்டு விஷயம் வெளிப்பட்டது, இரண்டுமே மாடி அறையில் யோசித்திருந்தால் வந்திருக்காது. ஒன்று, பெயர்ப் பெட்டியில் லக்ஷ்மி. செக்மென்டர் க்-ஐத் தனியாக, ஷ்-ஐத் தனியாக எண்ணி நான்கு என்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்தவர் மூன்று என்பார். ஸ்ரீ-யும் அப்படித்தான், இரண்டு என்று வருகிறது. யூனிகோட் விதிப்படி அது சரி. தேவநாகரி போன்ற சில எழுத்து முறைகளுக்குக் கூட்டெழுத்தைச் சேர்த்து எண்ணும் விதி 2023-இல் வந்தது, தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ் சேர வேண்டுமா என்பது வேறு பஞ்சாயத்து, சேர்த்தால் 'க்க' எல்லாம் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு என்பதால் நான் இதில் அவசரப்படமாட்டேன். இரண்டாவது, தட்டச்சு. போனுக்குப் போன் விசைப்பலகை வேறு, சிலது முழுச் சொல்லையும் முடித்த பிறகுதான் பெட்டிக்குள் விடுகிறது. வரம்பைத் தாண்டும்போது அங்கேயே தடுப்பதைவிட, தட்ட விட்டு, பெட்டியைச் சிவப்பாக்கி "இன்னும் இரண்டு எழுத்து குறைக்கவும்" என்று சொல்வதுதான் கவுன்டரில் இருப்பவர்களுக்குப் பிடித்தது. அப்படியென்றால் நாங்கள் கேட்க நினைத்த தடுப்பு அட்ரிபியூட் வந்திருந்தாலும் அதை நாங்களே பயன்படுத்தியிருக்கமாட்டோம்!

இப்போது நிலைமை: யோசனைக்கு எந்த எஞ்சின்காரரும் செய்கிறேன் என்று சொல்லவில்லை. விதைச் சீட்டில் எங்கள் உறுப்பு ஓடுகிறது, ஊர்ப் பெயருக்குப் புள்ளி வந்துவிட்டது. சேர்த்த உதாரணங்கள் வீணாகவில்லை. டபிள்யூ3சியின் பன்னாட்டாக்கப் பிரிவு தமிழுக்கென்றே ஓர் இடைவெளி ஆய்வு ஆவணம் வைத்திருக்கிறது, பிரவுசரில் தமிழ் எங்கெல்லாம் சரியாக வரவில்லை என்று பதிவுசெய்ய. நம் ஆட்கள் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. புது வசதி கேட்பதைவிட, இருக்கிற வசதி தமிழில் தப்பாக நடப்பதை அங்கே தெளிவாகக் காட்டுவதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு இன்று கூலி கிடைக்கிற வேலை என்பேன். தரநிலையில் இருந்தும் பிரவுசருக்குப் பிரவுசர் மாறி நடக்கிறவற்றுக்கு இன்டெராப் என்று வருடாவருடம் ஒரு கூட்டு முயற்சி நடக்கிறது, அதற்கும் பொதுவில் யோசனை கேட்பார்கள்.

கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் குழுக்களில் எழுதிக் கொடுக்குமுன் காப்புரிமை தொடர்பான ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்பார்கள், நீங்கள் கொடுத்ததை எல்லோரும் தடையில்லாமல் பயன்படுத்தலாம் என்று. உங்கள் வேலை ஒப்பந்தத்தில், நீங்கள் எழுதுவது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று இருந்தால் முதலில் உள்ளே கேட்டுவிடுங்கள். பிரச்சினையை எடுத்துச் சொல்வதற்கு இது தடையில்லை, தரநிலை உரையிலேயே கை வைக்கும்போதுதான் பெரிதாகும்.

தம்பி சும்மா இல்லை, அடுத்ததைப் பிடித்துவிட்டான். எங்கள் பக்கம் நிலத்தை யாரும் தசமத்தில் சொல்வதில்லை, மூணு மா நாப்பது குழி என்பார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. எண் பெட்டி ஒன்றில் இதை வாங்க முடியாது, இரண்டு பெட்டி வைத்தால் ஒன்றில் நூற்றைம்பது குழி என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். இந்தமுறை அவன் டேக்குக்குப் பெயர் வைக்கவில்லை, இரண்டு அலகில் ஒரே அளவைச் சொல்கிறவர்கள் வேறு யார் யார் என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறான். அடி-அங்குலம், மணி-நிமிடம், நகைக்கடையில் கிராம்-மில்லிகிராம் வரை வந்திருக்கிறது. உங்கள் படிவங்களில் இப்படி ஏதாவது இருந்தால், இப்போது அதை எப்படி வாங்குகிறீர்கள், ஆட்கள் எங்கே தப்பாகப் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.